வாதம் தோற்றால் விசுவாசமும் தோற்றதாகுமா?

கேள்வி: எனக்கு 26 வயது. பாளையங்கோட்டை பக்கம் சொந்த ஊர். தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். பெங்களூரில் ஐ.டி. வேலை. கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் பைபிளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் அப்பாலஜெடிக்ஸ் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். கிறிஸ்தவ விசுவாசத்துக்காக அறிவுபூர்வமாக வாதாடுகிறவர்கள் என்பதால் பெரிய தைரியம் வந்தது. ஊர் வாலிபர் ஐக்கியத்தில் வகுப்புகூட எடுத்தேன். நான் அதிகம் கேட்டது ரவி சகரியாஸை. 2021-ல் அவர் மீதான பாலியல் புகார்களைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தபோது ஆடிப்போனேன். அப்புறம் மாற்கு 2:26-ல் பிரதான ஆசாரியரின் பெயர் தவறு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அதிலிருந்து ஒவ்வொன்றாக எல்லாமே சந்தேகமாகிவிட்டது. இப்போது இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை பதில் தேடுகிறேன். பதில் கிடைத்தால் நிம்மதி. மறுநாளே அதற்கு ஒரு மறுப்பு கண்ணில் படுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் ‘யாரோடு பேசுகிறாய்?’ என்று மனம் கேட்கிறது. ஊருக்குப் போனால் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். அம்மாவிடம் சொல்லப் பயம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். நான் கிறிஸ்தவனா இல்லையா என்றே தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கிறிஸ்தவரா இல்லையா என்பதை இந்த மாதமோ இந்த வருடமோ முடிவு செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இறையியல் படித்துவிட்டு மனநல ஆலோசனைக்கு வந்தவள் நான். உங்களைச் சபைக்குள் இழுத்து உட்காரவைப்பதும் என் வேலை இல்லை, வெளியே அனுப்பிவைப்பதும் என் வேலை இல்லை. நீங்கள் தூங்க வேண்டும், தெளிவாக யோசிக்க வேண்டும். அதற்கு அப்புறம் எடுக்கிற முடிவு எதுவானாலும் உங்களுடையதாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன. ஒன்று, படித்து யோசிக்க வேண்டிய உண்மையான கேள்விகள். இன்னொன்று, இரவு ஒரு மணிக்கு நடப்பது. முதலில் இரவை எடுத்துக்கொள்வோம். அது சரியாகாமல் மற்றதைப் பேசிப் பலனில்லை.

பதற்றம் வருகிறது, தேடுகிறீர்கள், பதில் கிடைக்கிறது, மனம் அடங்குகிறது, மறுநாள் பதற்றம் இன்னும் கொஞ்சம் பலமாகத் திரும்பி வருகிறது. உளவியலில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சுழற்சி இது. பூட்டிய கதவை நாலு தடவை போய் இழுத்துப் பார்க்கிறவருக்கும், சாதாரணத் தலைவலிக்கு மாற்றி மாற்றி ஸ்கேன் எடுக்கிறவருக்கும் நடப்பது இதுதான். கொசு கடித்த இடத்தைச் சொறிகிற மாதிரி, சொறியும்போது சுகம், சொறியச் சொறிய அரிப்பு. ஒவ்வொரு முறை பதில் தேடி ஆறுதல் அடையும்போதும் உங்கள் மூளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: ‘இந்தச் சந்தேகம் ஆபத்தானது, உடனே தீர்க்காவிட்டால் தாங்க முடியாது.’ அதனால்தான் நல்ல பதில்கூட ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. பதிலில் குறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படிப்பட்ட பதிலாலும் இந்தப் பசி அடங்காது.

நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் ‘மோட்ச பிரயாணம்’ தெரியாதவர்கள் குறைவு. நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-ல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ அந்தக் கதையைத் தழுவியதுதான். மூலக் கதையை எழுதிய ஜான் பன்யன், 1666-ல் தன் வாழ்க்கையைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு எண்ணம் தன்னை மாதக்கணக்கில் விரட்டியதை அதில் சொல்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய் ஜெபிக்கத் தோன்றும். மாட்டேன், மாட்டேன் என்று மனதுக்குள் மறுத்துக்கொண்டே இருப்பார். மறுக்க மறுக்க அந்த எண்ணம் வலுத்தது. இன்றைய மனநல மருத்துவர்கள் அதைப் படித்தால் ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழல் நோயின் சமய வடிவம் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இப்படிப்பட்ட வேதனை விசுவாசக் குறைவால் வருவதில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் பன்யனைச் சொன்னேன்.

செய்ய வேண்டியது இது. இரவு ஒன்பது மணிக்கு மேல் விசுவாசத்துக்கு ஆதரவான வீடியோவும் வேண்டாம், எதிரான வீடியோவும் வேண்டாம். ஆதரவானதையும் நிறுத்தச் சொல்வது உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். இரண்டும் ஒரே சுழற்சிக்குத்தான் தீனி போடுகின்றன. கேள்வி வந்தால் ஒரு நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். பதற்றம் ஏறும். தேடாமல் இருந்தால் அது கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்களே சில தடவை பார்த்துவிட்டால் அதன் பிடி தளர ஆரம்பிக்கும். சனிக்கிழமை காலையில், தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டு அந்த நோட்டைத் திறங்கள். ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, வீடியோ இல்லாமல் புத்தகத்தை வைத்து, ஒரு மணி நேரம் படியுங்கள். இரவில் உயிர்போகிற பிரச்சினையாகத் தெரிந்த பல கேள்விகள் காலையில் சாதாரணமாகத் தெரியும். சில அப்போதும் பெரிதாகவே இருக்கும். அவைதான் உண்மையில் யோசிக்க வேண்டியவை.

இப்படிச் செய்தும் தூக்கம் வராவிட்டால், ஒரே ஜெபத்தைச் ‘சரியாக’ வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றினால், வேலை கெட்டால், ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

சரி, இனி மாற்கு 2:26-ல் வரும் அபியத்தாருக்கு வருவோம்.

1 சாமுவேல் 21-ல் தாவீதுக்கு அப்பம் கொடுப்பது ஆசாரியனாகிய அகிமெலேக்கு. அபியத்தார் அவருடைய மகன். மாற்கு 2:26 ‘அபியத்தார் காலத்தில்’ என்கிறது. இதே சம்பவத்தைச் சொல்லும் மத்தேயு 12-லும் லூக்கா 6-லும் ஆசாரியன் பெயரே இல்லை. இதற்கு விளக்கங்கள் உண்டு. ‘அபியத்தாரைப் பற்றிச் சொல்லும் பகுதியில்’ என்று பொருள்கொள்ளலாம் என்பார்கள் சிலர். பின்னாளில் புகழ்பெற்ற மகனின் பெயரால் அந்தக் காலத்தைக் குறித்திருக்கிறார் என்பார்கள் வேறு சிலர். எனக்கு எளிமையாகப் படுவது, பெயர் மாறிவிட்டது என்பதுதான். இதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்கவில்லை. உங்களுக்கு ஏன் நடுங்குகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நீங்கள் தடுக்கி விழுந்த அதே வசனத்தில் உங்களுக்கு முன்னால் ஒருவர் தடுக்கியிருக்கிறார். அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மன். வேதத்தில் ஒரு பிழைகூட இருக்க முடியாது என்று கற்பிக்கும் சிகாகோ மூடி பைபிள் இன்ஸ்டிடியூட்டில் படித்து, பிறகு பிரின்ஸ்டனுக்குப் போனவர். அங்கே மாற்கு சொன்னது பிழை இல்லை என்று நிரூபிக்க ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆசிரியர் கட்டுரையின் முடிவில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: ஒருவேளை மாற்கு தவறு செய்திருக்கலாமே. அந்த வரிதான் தனக்குள் எல்லாவற்றையும் திறந்துவிட்டது என்று, வேதத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளுக்குள் உள்ள வேறுபாடுகளைப் பற்றி 2005-ல் வந்த தன் புத்தகத்தில் எர்மன் எழுதினார். நீங்கள் கேட்ட வீடியோவுக்கும் மூலம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கதையின் மறுபாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எர்மன் பல வருடங்கள் கிறிஸ்தவராகத்தான் இருந்தார். தன்னைக் கடைசியில் விசுவாசத்தைவிட்டு வெளியே கொண்டுபோனது உலகத்தின் துன்பம்தான் என்று அவரே சொல்கிறார். கையெழுத்துப் பிரதிகளால் அவர் வெளியேறவில்லை. அந்தப் புத்தகத்தை அவர் சமர்ப்பித்திருப்பது தன் இன்னொரு ஆசிரியர் புரூஸ் மெட்ஸ்கருக்கு. மாணவர் பார்த்த அத்தனை பிரதி வேறுபாடுகளையும் மாணவருக்கு முன்பே பார்த்தவர் மெட்ஸ்கர். அவர் பிரஸ்பிட்டேரியன் குருவாகவே வாழ்ந்து 2007-ல் இறந்தார்.

ஒரே ஆதாரங்கள், இரண்டு நேர்மையான மனிதர்கள், இரண்டு முடிவுகள். இதில் யார் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு பெயர் பிழையானால் இயேசு உயிர்த்தெழவில்லை என்று அர்த்தம் என்ற கணக்கு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? அதைத்தான் நான் கேட்கிறேன். நீங்கள் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்த சபை அதைச் சொல்லவில்லை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இரட்சிப்புக்குத் தேவையான எல்லாம் வேதாகமத்தில் அடங்கியிருக்கிறது, விசுவாசத்துக்கு அதுவே உயர்ந்த அளவுகோல் என்றுதான் அதன் அமைப்புச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு பெயரும் எண்ணும் பிசகாமல் இருந்தால்தான் வேதம் வேதம் என்ற கறாரான நிலைப்பாட்டை அமெரிக்க இவாஞ்சலிக்கல் தலைவர்கள் 1978-ல் சிகாகோவில் ஓர் அறிக்கையாக எழுதினார்கள். மனப்பூர்வமாக அதை நம்புகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு, நம் ஊரிலும் உண்டு. அவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கைகூட, இந்த நம்பிக்கை இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று சொல்லவில்லை. அப்படி இல்லை என்றே தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. உங்கள் பாட்டி அறியாத ஒரு நிபந்தனையை வீடியோக்கள் வழியாக நீங்கள் உங்கள் விசுவாசத்தின் மேல் ஏற்றிக்கொண்டீர்கள். இப்போது ஒரு பெயரால் அது ஆட்டம் காண்கிறது.

அப்பாலஜெடிக்ஸ் உங்களுக்குச் செய்த கெடுதல் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், நான் இதைத்தான் சொல்வேன். கடவுளோடு உங்களுக்கு இருந்த உறவை அது ஒரு வழக்காக மாற்றிவிட்டது. வழக்கு என்றால் தினமும் எதிர்த்தரப்பு வரும், தினமும் ஜெயித்தாக வேண்டும். ஜெபம்கூட சாட்சி விசாரணை ஆகிவிட்டது. ‘யாரோடு பேசுகிறாய்?’ என்று உங்களைக் கேட்பது அந்த எதிர்த்தரப்பு வக்கீல்தான்.

இந்த ஆபத்தை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர் கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ். நீங்கள் பார்த்த வீடியோக்களில் அவரை மேற்கோள் காட்டாதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அதே லூயிஸ் 1945-ல் குருமார்கள் முன்னால் பேசும்போது, தன் விசுவாசத்துக்கு இந்த வேலையைப் போல ஆபத்தானது வேறு இல்லை என்றார். பொது விவாதத்தில் தான் அப்போதுதான் வெற்றிகரமாக நிலைநாட்டிய கோட்பாடுதான் தனக்கே மிகவும் வெறுமையாகத் தெரிகிறது என்றும் ஒப்புக்கொண்டார். தோற்றபோது இல்லை, ஜெயித்தபோது! 1948-ல் ஆக்ஸ்போர்டில் எலிசபெத் அன்ஸ்கம் என்ற இளம் தத்துவ அறிஞர், லூயிஸ் அற்புதங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் ஒரு முக்கிய வாதத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். அன்ஸ்கம் நாத்திகர் இல்லை, பக்தியுள்ள கத்தோலிக்கர். லூயிஸ் அந்த அதிகாரத்தைத் திருத்தி எழுதினார், 1960 பதிப்பில் அது வெளிவந்தது. வாதம் அடிபட்டது, இரண்டு பேருடைய விசுவாசமும் அடிபடவில்லை. ஒரு வாதத்துக்கு மறுப்பு கேட்டு நீங்கள் தூக்கம் இழக்கும் இரவில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வாதங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கிறிஸ்தவத்தின் இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் போன்றவர்கள் பொய்க் குற்றச்சாட்டுகளுக்குப் பதில் எழுதினார்கள், அது தேவையாகவும் இருந்தது. அறிவைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லும் பக்தி எனக்கும் பிடிக்காது. ஒரு நல்ல வாதம் வழியில் கிடக்கும் தடையை அகற்றலாம், நம்புவது முட்டாள்தனம் இல்லை என்று காட்டலாம். ஆனால் இனிச் சந்தேகமே வராது என்ற உறுதியை அதனால் தர முடியாது. 1947-ல் மதுரை ராமநாதபுரம் பிஷப் ஆனவரும், பிறகு சென்னைப் பேராயராக இருந்தவருமான லெஸ்லி நியூபிகின், காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் சேர்ந்து படித்தவர். அவர் 1995-ல் இதைப் பற்றியே ‘Proper Confidence’ என்ற ஒரு சிறிய புத்தகம் எழுதினார். அசைக்கவே முடியாத உறுதியைத் தேடும் ஆசை சுவிசேஷத்திலிருந்து வரவில்லை, நவீன ஐரோப்பியத் தத்துவத்திலிருந்து வந்தது, நம்புகிறவர் எப்போதும் தவறாகிவிடக்கூடிய ஒன்றின் மேல்தான் தன் வாழ்வை வைக்கிறார் என்பது அவர் வாதம். சனிக்கிழமை காலைகளுக்கு அந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

ரவி சகரியாஸ் விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அது அவ்வளவு சின்னதில்லை. சென்னையில் பிறந்தவர், நம்மவர் என்ற பெருமை நிறையப் பேருக்கு இருந்தது. 2020 மே மாதம் அவர் இறந்தார். 2021 பிப்ரவரியில், அவருடைய சொந்த நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து, அவர் பல பெண்களிடம் வருடக்கணக்கில் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதை உறுதி செய்தது. அதற்குச் சில வருடங்கள் முன்பே ஒரு பெண் குற்றம் சாட்டியிருந்தார். நிறுவனம் அப்போது அந்தப் பெண்ணை நம்பவில்லை, அவரைத்தான் நம்பியது. ஆதாரங்களை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், கண் முன்னால் இருந்த ஆதாரத்தை எடைபோட மறுத்தார்கள். உங்கள் கோபம் நியாயமானது. ‘மனிதனைப் பார்க்காதே, ஆண்டவரைப் பார்’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தை பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எந்த நியாயமும் செய்யவில்லை. அவர் சொன்ன வாதங்கள் ஒவ்வொன்றையும் தனியாக எடைபோடலாம், சரியானவை சரியாகவே இருக்கும். ஆனால் நீங்கள் நம்பியது வாதங்களை மட்டும் இல்லையே. அந்தக் குரலை, அந்த அமைதியை, அந்த மனிதரை நம்பினீர்கள். அது இழப்பு. இழப்புக்குத் துக்கம்தான் படவேண்டும். துக்கம் முடியாததால்தான் அது சந்தேகமாக உருமாறி இரவில் வருகிறதோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. நம்பிப் பேசக்கூடிய ஒருவரிடம் இதைப் பேசுங்கள்.

விடுதி நண்பரிடம் தோற்றதில்தானே எல்லாம் ஆரம்பித்தது? இப்போதும் தொடர்பில் இருந்தால் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுங்கள். நீ கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது என்று சொல்லுங்கள். அப்பாலஜெடிக்ஸ்காரர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் 1 பேதுரு 3:15, கேட்கிறவர்களுக்குச் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ உத்தரவு சொல்லச் சொல்கிறது. ஜெயிக்கச் சொல்லவில்லை.

ஜெபம் வரவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். மாற்கு 9-ல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன் ‘விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்’ என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். முழுசாக நம்பிவிட்டு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. 88-ம் சங்கீதம் இருட்டில்தான் முடிகிறது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. ஆலயத்துக்குப் போகத் தோன்றினால் போங்கள், பிடித்த கீர்த்தனையைப் பாடுங்கள். பாடும்போது ‘இப்போது நம்புகிறேனா?’ என்று உங்களையே சோதித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். திருவிருந்தில் பங்கெடுக்க மனம் உறுத்தினால் சபை குருவான ஐயரிடம் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். நிதானமாகக் கேட்கிற ஐயர் உங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) இல்லையென்றால் பக்கத்துச் சேகரத்தில் இருப்பார்.

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வருடம் ஓய்வு கேளுங்கள். ‘வேலை அதிகம்’ என்று பொய் சொல்ல வேண்டாம். ‘எனக்குச் சில விஷயங்களைப் படித்துத் தெளிய வேண்டியிருக்கிறது, அதுவரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியாக இருக்காது’ என்பது போதும். யாராவது குத்திக் காட்டினாலும் பரவாயில்லை. நம்பாததை நம்புவதாகச் சொல்லிக்கொடுப்பது உங்களை இன்னும் வேகமாகக் களைத்துவிடும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. அபியத்தாரும் எர்மனும் அம்மாவுக்கு எதற்கு? ‘எனக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லம்மா, ஜெபிக்கவே முடியல, நீங்க எனக்காக ஜெபிச்சுக்கோங்க’ என்று சொல்லிப் பாருங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அம்மா அழலாம், உபவாசம் இருக்கலாம், யாராவது ஊழியக்காரரைக் கூட்டிவரலாம். கடைசியதை மட்டும் வேண்டாம் என்று அன்பாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் அம்மாக்களில் பலர் தாங்களும் இப்படிச் சில வருடங்களைக் கடந்து வந்தவர்கள், பிள்ளைகளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கல்யாணப் பேச்சை ஆறு மாதமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். தள்ளிப்போட முடியாமல் ஒரு வரன் அமைந்துவிட்டால், அந்தப் பெண்ணிடம் நீங்களே நேரில் பேச வேண்டும். தினமும் குடும்ப ஜெபம் நடத்தும் கணவன் வேண்டும் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கலாம். அல்லது உங்களைப் போலவே கேள்விகளை ஒளித்துவைத்துக்கொண்டும் இருக்கலாம். எதுவானாலும், ஆலயத்தில் முதல் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும். யோசித்து, வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் சொல்வதற்கு அவருக்கும் அவகாசம் இருக்க வேண்டும்.